தெரு முனை வரைக்கும் வந்தவளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் உன் பிள்ளைங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், வீட்ல ஈரம் இல்லாத இடம்னு ஒண்ணு இல்ல, அது ஒண்ணுதான் குறை. வேலைக்குப் போன ஊர்ல நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்னுதான் இப்பவும் நினைக்கறேன். இப்பவும்னு ஏன் எழுதறேன்னு உனக்கே தெரியும். எத்தனையோ தடவை போன் பண்ணிட்ட, நான் எடுக்கல. எடுத்தா நீ அழுவ, உங்கம்மா பக்கத்துல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு கேப்பா, நான் சொல்ல வந்ததை விட்டுட்டு உன்னைச் சமாதானம் பண்ண ஆரம்பிச்சிடுவேன். அதான் உக்காந்து எழுதறேன். முழுசா படி, பாதியில நிறுத்திட்டு போனைத் தூக்காத.

மழை இன்னும் விடல. சிட்டுவோட பள்ளிக்கூடத்துல கீழ் வகுப்பெல்லாம் தண்ணி புகுந்து பெஞ்சு மேல தவளை உக்காந்திருக்குன்னு வாட்ச்மேன் சொல்றார், எப்ப திறப்பாங்கன்னு அவருக்கே தெரியல. அஞ்சு வயசு ஒண்ணு, ரெண்டு வயசு ஒண்ணு, கண்ணு முழிச்சதுலருந்து படுக்கிற வரைக்கும் இந்த ரெண்டு ரூமுக்குள்ள. உங்கம்மா காலையில தையல் யூனிட்டுக்குப் போனா சாயங்காலம்தான் வரா, மழைக்கெல்லாம் அங்க லீவு கிடையாது. அதனால நானும் அந்த ரெண்டும்தான். சின்னவன் உருண்டை ஒரு நாளைக்கு எத்தனை ஜட்டி நனைக்கறான்னு எண்ணறதை நிறுத்திட்டேன். வெளிய காய வைக்க வழியில்லன்னு ஹால்ல ஃபேனுக்குப் பக்கத்துல மூங்கில் கழி கட்டி, கப்பியும் கயிறும் போட்டு, கீழ இறக்கி துணி போட்டு மேல ஏத்தற மாதிரி செஞ்சிருக்கேன். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணின கை, அதுக்குமேல வேறென்ன தெரியும் எனக்கு. அதுலயும் காயாததை இஸ்திரி போட்டு காய வைக்கறேன், வீடு முழுக்க துணியை வேகவச்ச மாதிரி ஒரு வாசனை. ஹால் சுவத்துல பூஞ்சை படர்ந்திருக்கு, சிட்டு அதை ஒட்டகம்கறா, உருண்டை தினமும் அதுக்கு டாட்டா காட்டிட்டுத்தான் தூங்கப் போறான்.

பிள்ளைங்களை அடைச்சு வச்சா என்ன ஆகும்னு நீ பார்க்கணும். முதல்ல ஓடுச்சுங்க, அப்புறம் ஒண்ணையொண்ணு கடிச்சுதுங்க, அப்புறம் ரெண்டும் சேர்ந்து என்னைக் கடிச்சுதுங்க. மாடி வீட்டு டீச்சரம்மா புது ஃப்ரிட்ஜ் வாங்கினாங்க, அந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிட்டு வந்து லிஃப்ட் பண்ணிக் குடுத்தேன். கலர் பென்சில்ல பட்டன் வரைஞ்சது சிட்டு. உள்ள ரெண்டும் உக்காந்து பட்டனை அமுக்கும், நான் வெளிய நின்னு கதவு மூடுது, கை ஜாக்கிரதைன்னு சொல்லணும். ரெண்டாவது மாடியில யானை, மூணாவது மாடியில ஐஸ்கிரீம், நாலாவது மாடியில அம்மா. அது சிட்டுவே வச்சது, நான் சொல்லிக் குடுக்கல. நாலாவது மாடி பட்டனை அமுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்ப்பா. லிஃப்ட் இன்னும் அது வரைக்கும் போகலம்மா, வேலை நடந்துக்கிட்டிருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொல்லுவேன். ஒரு நாளும் அம்மா வரமாட்டாங்கன்னு என் வாயால வந்ததில்ல. உன்னை நான் அவங்ககிட்ட விட்டுக்கொடுத்ததே இல்லம்மா. அதை நீ மனசுல வச்சுக்கிட்டு மேல படி.

போன வாரம் உருண்டைக்குக் காதுவலி வந்துச்சு. காதைப் பிடிச்சுக்கிட்டு என் தோள்லயே கிடந்தான். இந்த ஈரத்துக்கு எல்லா பிள்ளைங்களுக்கும் இதேதான், கீழ் வீட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான். வியாழக்கிழமை காலையில உங்கம்மா யூனிட்டுக்குப் போகல, குழந்தையை காது டாக்டர்கிட்ட காட்டப்போறேன்னா. சரி நானும் வரேன்னு சட்டையை எடுத்தேன். உங்க முட்டியை வச்சுக்கிட்டு இந்த தண்ணியில எங்க வரீங்க, வீட்டைப் பாருங்கன்னா. சிட்டு எதுக்கு, அவளை விட்டுட்டுப் போன்னேன். அவளுக்கும் லேசா இருமல் இருக்கே, சேர்த்து காட்டிடறேன்னா. அவளுக்கு அந்த லேஸ் வச்ச வெள்ளை கவுனைப் போட்டுவிட்டா. டாக்டர்கிட்ட போறதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்னு கேட்டேன், அது ஒண்ணுதாங்க காஞ்சிருக்குன்னா. நியாயமாத்தான் இருந்துச்சு. நானே உருண்டை காதுல பஞ்சு வச்சு, தலைக்கு குல்லா போட்டு, கால்ல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி ரப்பர் பேண்ட் மாட்டி ஆட்டோவுல ஏத்திவிட்டேன். என் கையாலயே ஏத்திவிட்டேன், பார்த்துக்கோ.

அவங்க போனப்புறம் பால்கனி ஓட்டையில அடைச்சிருந்த குப்பையை எடுத்துக்கிட்டிருந்தேன். மத்தியானம் மழை பிடிச்சுது பாரு, எதிர் வீடு தெரியல. உங்கம்மாவுக்கு போன் பண்ணினேன், ஸ்விட்ச் ஆஃப். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பண்ணினேன், அதே. கீழ் வீட்டுக்காரர் வந்து ரயில் பாலத்துக்குக் கீழ தண்ணி ஏறிடுச்சாம், குழந்தைங்களோட ஒரு ஆட்டோ மாட்டிக்கிட்டு நிக்குதாம்னு சொன்னார். அவர் சும்மா சேதியாத்தான் சொன்னார். போனை மேஜை மேலயே போட்டுட்டேன். குடையை எடுத்துக்கிட்டு இறங்கினேன். தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கீழ என்ன இருக்குன்னு தெரியாது, வீட்டு கேட்டுகளையும் சுவத்தையும் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். குடை பாதி வழியிலயே திரும்பிக்கிச்சு, அதை அப்படியே விட்டுட்டேன்.

முதல்ல க்ளினிக்குக்குத்தான் போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்துச்சு. உள்ள நர்ஸ் பொண்ணு மேஜை மேல காலைத் தூக்கி வச்சு உக்காந்திருந்துச்சு, தரையெல்லாம் தண்ணி. இன்னைக்கு டாக்டர் வரலையே சார், அவர் வீட்டுக்குள்ளயே தண்ணி, நேத்தே எல்லாருக்கும் போன் பண்ணி வராதீங்கன்னு சொல்லிட்டோம், உங்க வீட்டம்மாகிட்டயும் நான்தானே பேசினேன்னு சொல்லுச்சு. கேட்டுட்டு நான் என்ன நினைச்சேன் தெரியுமா. ஐயோ, குழந்தைக்கு காது ரொம்ப மோசம் போலிருக்கு, நான் பயந்துடுவேன்னு என்கிட்ட மறைச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன். பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். அப்ப அந்த ஆட்டோ நம்ம ஆட்டோதான். இப்படி நினைச்சேனே தவிர, உங்கம்மா என்கிட்ட பொய் சொல்லியிருப்பான்னு அந்த நிமிஷத்துலகூட தோணல எனக்கு. முட்டாள்னா இப்படி இருக்கணும்.

பாலத்துக்கிட்ட ஒரே கூட்டம். தீயணைப்புக்காரங்க கயிறு கட்டி இறங்கியிருந்தாங்க. ஆட்டோவோட மேல் துணி மட்டும் தெரிஞ்சுது. ஒரு அம்மா, சின்ன பிள்ளைங்க ரெண்டு, குல்லா போட்ட பையன் ஒருத்தன், பார்த்தீங்களான்னு கண்ணுல பட்டவங்களையெல்லாம் கேட்டேன். யாருக்கும் தெரியல, ஒருத்தர் ஆமாங்கறார், ஒருத்தர் இல்லங்கறார். அப்ப ஒரு தீயணைப்புக்காரர் குழந்தை ஒண்ணைத் தோள்ல போட்டு தூக்கிட்டு மேல ஏறி வந்தார். தலையில குல்லா. நான் கத்திக்கிட்டே ஓடினேன், கால் வழுக்கி முட்டி மடிய விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடி அந்தக் குழந்தை மூஞ்சியைத் திருப்பிப் பார்த்தேன். நம்ம பையன் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அந்தக் குழந்தை நீலம் பாரிச்சு நடுங்கிக்கிட்டிருக்கு, அதைப் பெத்தவ பின்னாடியே கயிறைப் பிடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டு வரா, நான் அவ பக்கத்துல நின்னு அப்பாடான்னு மூச்சு விடறேன். அந்த அம்மா என் மூஞ்சியைப் பார்த்தா. அந்தப் பார்வை இன்னும் என்னை விடல. அந்தக் குழந்தை பொழைச்சிடுச்சு, அப்புறம் விசாரிச்சேன், நல்லா இருக்காம். ஆட்டோவுல வேற பிள்ளைங்க இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தா லைட் எரியுது. மூணு பேரும் உள்ள இருக்காங்க, சொட்டு நனையல. நாற்காலி மேல புத்தம் புது ரெயின்கோட்டு ரெண்டு தொங்குது, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு சிவப்பு. உங்கம்மா என்னைப் பார்த்ததும் இந்த மழையில எங்க போய் சுத்திட்டு வரீங்க, வயசுக்கேத்த பொறுப்பு வேண்டாமா, போனைக்கூட வீட்லயே வச்சுட்டுப் போயிருக்கீங்க, பயந்தே போயிட்டேன்னு ஆரம்பிச்சா. நான் வாசல்லயே நின்னு சொட்டிக்கிட்டிருக்கேன். டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேன். ஒண்ணுமில்லையாம், சொட்டு மருந்து குடுத்திருக்கார், சரியாயிடுமாம்னா. கண்ணு இமைக்காம சொன்னா. எத்தனை வருஷமா அந்த மூஞ்சியைப் பார்க்கறேன், பொய் சொல்லும்போது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், உண்மை சொல்லும்போது எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்துச்சு.

துணி மாத்திக்கிட்டு வந்து உக்காந்தேன், சிட்டு வழக்கம்போல வந்து என் மடியில ஏறிக்கிட்டா. தாத்தா, நிஜ லிஃப்டுல பட்டன் அமுக்கினா சிவப்பா லைட் எரியுமேன்னா. ஆமாம், உனக்கு யார் சொன்னதுன்னேன். நானே அமுக்கினேனே, ஸ்டேஷன்கிட்ட பெரிய ஹோட்டல்ல, எட்டலன்னு அம்மாதான் தூக்கிப் பிடிச்சாங்கன்னா. சொல்லிட்டு சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் விரல் சந்து வழியா, தாத்தாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க, அதனால நான் சொல்லல சரியாங்கறா. சரிம்மா நீ சொல்லலன்னேன். வேற என்ன சொல்ல. கொஞ்சம் பொறுத்து அவளே, அம்மா நம்ம தெரு முனை வரைக்கும் கார்ல வந்தாங்க, அதையும் நான் சொல்லலன்னா.

தெரு முனை வரைக்கும் வந்திருக்க. அங்கேருந்து பார்த்தா நம்ம பால்கனி தெரியும், வழக்கமா நான் அங்க நிக்கறதும் தெரியும். அன்னைக்கு நான் நிக்கல. ஊரான் பிள்ளை மூஞ்சியைத் திருப்பித் திருப்பி பார்த்துக்கிட்டு பாலத்துக்கிட்ட நின்னேன். அந்த ஹோட்டல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா, மொட்டை மாடிக்கு வானத்தைப் பார்க்கப் போனா அதோட போர்டுதான் முதல்ல தெரியும். எத்தனை நாள் தங்கினியோ, நான் மேல நின்னு அந்த போர்டைப் பார்த்து இன்னைக்காவது வெயில் வருமான்னு யோசிச்சுக்கிட்டிருந்திருப்பேன்.

மறுநாள் காலையில உங்கம்மாகிட்ட நேராவே கேட்டேன். அடுப்பை அணைச்சுட்டு அங்கேயே ஸ்டூல்ல உக்காந்துட்டா. அவளுக்கு அங்க வீடு கிடைச்சிடுச்சுங்க, அடுத்த மாசம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகப்போறா, சின்னவன் அவளை மறந்தே போயிட்டான், கொஞ்சம் பழகட்டும்னுதான் ஆபீஸ் வேலையா வந்தவ ஒரு நாள் பார்த்துட்டுப் போனா, உங்ககிட்ட சொன்னா நீங்க விடமாட்டீங்க, அழுவீங்க, பிள்ளைங்களும் உங்களைப் பார்த்து அழும், அவருக்கு நெஞ்சு தாங்காதும்மான்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்னா. போகிற அன்னைக்கு எப்படிச் சொல்றதா இருந்தீங்கன்னு கேட்டேன். அவ எழுந்து மறுபடி அடுப்பைப் பத்த வச்சா. நானே யோசிச்சுப் பார்த்துக்கிட்டேன். மறுபடியும் ஒரு காது டாக்டர், மறுபடியும் ஒரு ஆட்டோ, நான் கவரைச் சுத்தி ரப்பர் பேண்ட் மாட்டி ஏத்திவிடுவேன், ஆட்டோ திரும்பி வராது. அப்படித்தானே?

நெஞ்சு தாங்குமா தாங்காதான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும். அவங்க உன் பிள்ளைங்க, நீ கூட்டிட்டுப் போகத்தான் போற, அது எனக்குத் தெரியாதா. தெரிஞ்சுதானே தினமும் நாலாவது மாடிக்கு வேலை நடக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். கூட்டிட்டுப் போகாதன்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா? மூக்கு ஒழுகினா துடைக்க, முதுகுல தட்டித் தூங்க வைக்க, இடி இடிச்சா தட்டும் கரண்டியும் வச்சு நாமளும் திருப்பி இடிப்போம் வாடான்னு கூத்தடிக்க அப்பா வேணும். சேதி சொல்றதுக்கு மட்டும் அப்பா வேண்டாம். வீட்டு வேலைக்கு வச்ச ஆளைக்கூட நிறுத்தப்போறதை முன்னாடியே சொல்லித்தான் அனுப்புவாங்க.

இப்ப உங்கம்மாவும் நானும் பேசிக்கறதில்ல. உப்பு வேணும்னா உருண்டைகிட்ட சொல்றேன், அவன் போய் அவகிட்ட உப்புங்கறான், அவ சர்க்கரை டப்பாவைக் குடுத்தனுப்பறா, வேணும்னேதான். அது போகட்டும், அவளும் நானும் எப்படியோ சரிபண்ணிக்குவோம். எனக்குத் தாங்காதது சிட்டுதான். அன்னைக்கப்புறம் அவ மாறிட்டா. முந்தாநாள் ஒரு டம்ளர் உடைஞ்சுது, அதை மேஜைக்கு அடியில தள்ளிவிட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தா. எதைச் சொல்ல வந்தாலும் முதல்ல உங்கம்மா பக்கம் திரும்பி, இதை தாத்தாகிட்ட சொல்லலாமான்னு கேக்கறா. என் மடியில உக்காந்துக்கிட்டே கேக்கறா. ஈரத்துல படர்ந்த பூஞ்சையை பிளீச்சிங் போட்டு தேச்சா போயிடும், இதை எதைப் போட்டுத் தேய்ப்பேன். நேத்து நானே அவளை உக்காரவச்சு, அம்மா வந்தது தாத்தாவுக்குத் தெரியும், உன்மேல எனக்குக் கோபமே இல்லன்னு சொன்னேன். அம்மா மேலன்னு கேட்டா. இருக்குன்னேன். பொய் சொல்ல மனசு வரல. இனிமே நீ எதையும் மறைக்க வேண்டாம்மான்னேன். அவ யோசிச்சுட்டு, இல்ல தாத்தா, அம்மாகிட்ட நான் பிராமிஸ் பண்ணிட்டேன், அம்மா சொன்னாதான் சொல்லுவேன்னா. ரொம்ப நல்ல பொண்ணும்மா அவ. குடுத்த வார்த்தையைக் காப்பாத்தறா.

உங்க ஊர்லயும் வருஷத்துல பாதி நாள் மழைன்னு நீதான் சொல்லியிருக்க, அதனால இதையெல்லாம் தெரிஞ்சுக்கோ. குளிப்பாட்டினா கால் விரல் இடுக்குல தனித்தனியா துடைக்கணும், இல்லன்னா வெந்து போகுது. ஈரக் குல்லாவை ஒரு நிமிஷம்கூட தலையில விடாத. உருண்டைக்கு மருந்து குடுக்கும்போது மூக்கைப் பிடிக்காத, பாட்டிலை முதல்ல அவன் பொம்மைக்குக் காட்டினா தானா வாயைத் திறப்பான். சாயங்காலம் காரணமே இல்லாம ரெண்டும் அழும், அது பசி இல்ல, அடைஞ்சு கிடக்கிற அலுப்பு, தினமும் கொஞ்ச நேரம் மழையிலயே வெளிய கூட்டிட்டுப் போ, நனைஞ்சா நனையட்டும், நல்லா குதிச்சுட்டு வந்து சூடா பால் குடிச்சா சமத்தா இருக்கும். டிவியைப் போட்டு உக்காரவச்சா முதல் நாள் நிம்மதியா இருக்கும், மூணாம் நாள் நீ அழுவ. சிட்டுவுக்குத் தலை வாரும்போது இடது பக்கம் ஒரு சிக்கு விழும், இழுக்காத. உருண்டை இவ்வளவு நாளா என் வயித்து மேல படுத்துத்தான் தூங்குவான், இப்ப ரெண்டு நாளா தலகாணியில படுக்கப் பழக்கறேன். அங்க வந்து என்னைத் தேடி உன்னைப் பாடுபடுத்தக் கூடாதுன்னுதான். நெஞ்சு தாங்காத ஆள் செய்யற வேலையா இது, நீயே சொல்லு.

உன்கிட்ட மன்னிப்பெல்லாம் நான் கேக்கல. இப்பவே மன்னிக்கவும் எனக்கு வரல, வராததை வந்த மாதிரி எழுத மாட்டேன். ஆனா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகும்போது பகல் வெளிச்சத்துல படியேறி வீட்டுக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. என்னைப் பார்க்க கூச்சமா இருந்தா தரையைப் பார்த்துக்கிட்டு நில்லு, பரவாயில்ல. என்கிட்ட பேசறதுக்கு முன்னாடி சிட்டுவைக் கூப்பிட்டு, எனக்கு எதிர்ல, அந்தப் பிராமிஸ் முடிஞ்சு போச்சு, தாத்தாகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லலாம்னு உன் வாயால சொல்லு. உலகத்துல ஒருத்தர்கிட்டயாவது ஒளிக்காம பேசலாம்னு அந்தப் பொண்ணு நினைச்சுக்கிட்டு இருந்தா. அதை அவகிட்டேருந்து எடுத்தது நீ, நீதான் திருப்பிக் குடுக்கணும். அது நடந்தப்புறம் என் கையாலயே ரெண்டையும் துடைச்சு, தலை வாரி, செருப்பு மாட்டி உன் கையில குடுக்கறேன். அழுவேன். அழுதா அழுதுட்டுப் போறேன், அதைப் பார்க்கறதுக்கு உனக்குத் தெம்பு வேணும், வரவழைச்சுக்கோ.

இந்தக் கடிதத்தை உங்கம்மாகிட்ட நானா காட்டல, கேட்டா குடுப்பேன். குழந்தைக்கு இன்னும் காதுவலி இருக்கு. டாக்டர் திங்கட்கிழமை வராராம், நானேதான் தூக்கிட்டுப் போகப்போறேன், பார்த்துட்டு என்ன சொன்னார்னு உள்ளது உள்ளபடி உனக்குத் தகவல் சொல்றேன், நீயும் கவலைப்பட்டுக்கிட்டு இருப்ப. மாப்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லு, அவருக்கு இந்த விஷயத்துல எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் அவரும் பிள்ளைங்களோட ஒரு குறையும் இல்லாம நூறு வருஷம் வாழணும். கோபத்தோட குடுத்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், எடுத்துக்கோ.

வரும்போது காலிங்பெல் அடிக்காத, ஈரத்துல அது ஷாக் அடிக்குது. கதவைத் தட்டு, நான் திறக்கறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா